சந்து முனைக் குழாய்

அன்பு மகன் அருளுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நவநாள் செபத்துக்குக் கிளம்பியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்து படித்தேன். கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதிச் செபம் முடிந்துவிட்டது. அந்தப் பாவம் உன் கணக்கில்தான். உங்கள் ஸ்ரீரங்கம் குடியிருப்பு நலச் சங்கத்துக்கு உன்னைச் செயலாளராக்கியிருக்கிறார்கள் என்று படித்ததும், வீட்டில் ஒரு செம்பைக்கூட இடம் மாற்றி வைக்காத பிள்ளையா என்று சிரிப்பு வந்தது. அப்புறம் கண் கலங்கியது. அப்பாவிடம் போய் உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் பேப்பரைக் கீழே வைக்காமல், "பரவாயில்லையே" என்றார். அவர் வாயில் அது பெரிய மாலை போட்ட மாதிரி என்று உனக்குத் தெரியும்.

மூன்று தெருக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்தது, மழைத்தண்ணீர் தேங்காமல் கால்வாய் எடுப்பது, ஓரமெல்லாம் புங்கமரம் வைப்பது, கொள்ளிடக் கரைப்பக்கம் காலியாகக் கிடக்கிற இடத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுப் பூங்காவாக்குவது, பொங்கல் கழித்து வேலை தொடங்குவது என்று எல்லாவற்றையும் அழகாக எழுதியிருந்தாய். நல்ல காரியம்தான் அருள். முழு மனதோடு சொல்கிறேன். ஆனால் கடைசியில், "அம்மா, கூட்டத்தில் ஒருத்தர்கூட மறுத்துப் பேசவில்லை" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாயே, அந்த ஒரு வரி அன்று ராத்திரி என்னைத் தூங்க விடவில்லை. நேரில் சொன்னால் "சரிம்மா" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். உன் 'சரி'யை வளர்த்தவளே நான்தானே. அதனால்தான் எழுதுகிறேன். ஊசியில் நூல் கோக்கவே இப்போதெல்லாம் கண் ஒத்துழைப்பதில்லை, எழுத்து கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்.

நம் பாலக்கரைத் தெருவுக்குக் குழாய் வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அது எப்படி வந்தது என்பது ஞாபகம் இருக்காது, நீ அப்போது கோலிக்குண்டு ஆடிக்கொண்டிருந்தாய். முன்தெருவில் இருந்த எங்களுக்கெல்லாம் வீட்டுக்கு வீடு கிணறு. நம் வீட்டை ஒட்டிப் போகிற பின் சந்தில் இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், ரிக்‌ஷா ஓட்டுகிறவர்கள், கீரைக்கூடைக்காரிகள் எல்லாம் அந்தச் சந்தில்தான். அந்தப் பெண்கள் உய்யக்கொண்டான் வாய்க்காலுக்கு நடப்பார்கள், இல்லையென்றால் எங்கள் வாசலில் வந்து குடத்தோடு நிற்பார்கள். நான் இறைத்து ஊற்றுவேன். அவர்கள் கையில் கயிற்றைக் கொடுக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, கொடுங்கள் என்று அவர்களும் கேட்டதில்லை. அப்படி ஊற்றுவதையே பெரிய தர்மமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் முனிசிபாலிட்டியில் தெருவுக்கு ஒரு குழாய் தருகிறோம், எங்கே வேண்டும் என்று நீங்களே பேசி முடிவு செய்து சொல்லுங்கள் என்றார்கள். நம் தெரு அப்படி ஒன்றுகூடி அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. கோயில் மன்றத்தில் பாய் விரித்து, பள்ளிக்கூடத்து சூசை சார் நடுவில் உட்கார்ந்தார். மளிகைக்கடை காதர் பாய் பள்ளிவாசல் பக்கத்து ஆட்களோடு வந்தார். மாரியம்மன் கோயில்காரர்களும் வந்தார்கள். சந்துக்காரர்களையும் மறக்காமல் கூப்பிட்டிருந்தோம். உட்காருங்கள் என்று எத்தனை தடவை சொல்லியும் அவர்கள் கதவோரமே நின்றார்கள். சந்துக்குள் குழாய் வைக்க வழியில்லை, மழை பெய்தால் முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீர் நிற்கிற இடம், குழாயே முங்கிவிடும். காதர் பாய்தான் முதலில், "நம்ம தையக்காரம்மா வூட்டுப் பக்கத்துல, சந்து முனையில காலி எடம் இருக்கே" என்று ஆரம்பித்தார். சூசை சார் உடனே கையமர்த்தினார். "அது அவங்க கடை போடப்போற எடம் பாய். அதைப் போயி கேக்கலாமா?" என்றார். எல்லோரும் என் பக்கம் மரியாதையாகத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள்.

அந்தக் கடையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். ஜன்னலோரம் மெஷினைப் போட்டு, சமையலுக்கும் தையலுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்த எனக்கு, தெருவைப் பார்த்து ஒரு சின்னக் கடை, இழுத்து மூடுகிற பலகைக் கதவு, மேலே என் கையால் எழுதிய போர்டு, இதுதான் ஆசை. வேறெதற்கும் நான் அவ்வளவு ஏங்கியதில்லை. பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. அப்பா அதற்காகவே அந்த மூலையில் செங்கல் வாங்கி அடுக்கியிருந்தார்.

ஆக, குழாய் எங்கே வைப்பது? "அந்தோணியார் குருசடி முன்னாடியே வைங்க. சாமி இருக்கிற எடம், யாரும் என்னுது ஒன்னுதுன்னு சொல்ல மாட்டாங்க" என்று சொன்னது யார் தெரியுமா, காதர் பாய். மாரியம்மன் கோயில்காரர்கள், "ரொம்ப பொருத்தம்ங்க" என்றார்கள். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதில் அன்றைக்குப் போட்டியே நடந்தது. சூசை சார் எழுந்து கைதட்டினார். கதவோரம் நின்றவர்களைப் பார்த்து, "என்னம்மா, உங்களுக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டார். "சரிங்க சார்" என்றார்கள். குழாய் திறந்த அன்று பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், பூசாரி தேங்காய் உடைத்தார், காதர் பாய் பூந்தி கொடுத்தார். குழாய்க்குச் சாமந்தி மாலை வேறு. நானும் சந்தோஷத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டுதான் நின்றேன்.

கொஞ்ச நாளிலேயே மெஷினில் உட்கார்ந்தபடி ஒன்றைக் கவனித்தேன். சந்துப் பெண்கள் காலிக்குடத்தோடு வெளியே வருவார்கள். குருசடி வரை போவார்கள். கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், சிலர் சிலுவை அடையாளம் போடுவார்கள். அப்புறம் குழாயைத் தாண்டி வாய்க்காலுக்கு நடந்துவிடுவார்கள். மழைக்காலத்து வாய்க்கால் தண்ணீர் எந்த நிறத்தில் வரும் என்று உனக்கே தெரியும். சந்தில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு நின்றபாடில்லை. சூசை சாருக்குப் பொறுக்கவில்லை. "இவ்ளோ செஞ்சும் நன்றி இருக்கா பாருங்க. பழக்கத்தை மாத்திக்க மாட்டேங்கறாங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நானும் ஆமாம் போட்டேன்.

வெயில் ஏறியதும் நம் கிணறு வற்றியது. வேறு வழியில்லாமல் நானே குடத்தை எடுத்துக்கொண்டு குருசடிக்குப் போனேன். அப்போதுதான் புரிந்தது, அருள். செருப்பை எங்கே விடுவது என்று தெரியவில்லை. இடுப்பில் தூக்கிச் செருகிய புடவையோடு அந்தோணியார் முன்னால் நிற்க முடியவில்லை. கீழே இறக்கிவிட்டேன், அது சேற்றில் புரண்டது. குடம் குழாயில் இடித்த சத்தத்துக்கு, உள்ளே செபமாலை சொல்லிக்கொண்டிருந்த சூசை சார் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பின்னால் வந்தவள் சாவகாசமாக என் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். வேறு இடமாக இருந்தால் அவளை அங்கேயே ஒரு பிடி பிடித்திருப்பேன். என் வாயைப் பற்றி உனக்கா சொல்ல வேண்டும்? அங்கே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பூனை மாதிரி நின்றேன். பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்து குடத்தை 'ணங்'கென்று வைத்தேன். அப்பா, "யார்கூடச் சண்டை?" என்றார். "சண்டை போட முடியாம வந்ததுதான் கோபம்" என்றேன்.

சாயங்காலம் கீரைக்கூடைக்கார அஞ்சலை ரவிக்கை வாங்க வந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு என் புதுத்துணியில் தெறித்தது. "அப்பாடா, உங்களுக்கே தெரிஞ்சுருச்சா" என்றாள். அப்புறம் படபடவென்று கொட்டினாள். "நாங்க கருவாட்டுச் சட்டிய அங்க கழுவுறதாம்மா? தூரமான நாள்ல எங்க போறது? வெள்ளன மார்க்கெட்டுக்கு ஓடுறவ, குளிக்காம கொள்ளாம சாமி முன்னாடி போயி நிக்க முடியுமா? குழாயடின்னா நாலு வார்த்த பேசணும், புருசனத் திட்டணும். சாமி காதுல விழுற எடத்துல எப்படிம்மா திட்டுறது?"

"அப்புறம் ஏன் அஞ்சலை கூட்டத்துல சரின்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அவள் ரவிக்கையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "நீங்கள்லாம் அவ்ளோ சந்தோசமா இருந்தீங்க. அதுல போயி எப்படிம்மா வேணாம்னு சொல்றது?" என்றாள்.

அந்தப் பதில் எனக்கு இன்னும் வலிக்கிறது. எங்கள் மனம் நோகக் கூடாது என்று அவர்கள் குழந்தைகளுக்கு வாய்க்கால் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் கடைக்கு யாரும் கேட்காமலே மரியாதை கிடைத்தது. அவர்களுடைய காலை நேரத்துக்கும் கருவாட்டுச் சட்டிக்கும் அந்த மரியாதையைக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கெட்ட எண்ணம் யாருக்குமே இல்லை. அப்படி ஒருவர் இருந்திருந்தால்கூட அவரைக் குறை சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம்.

குழாயை மாற்ற வேண்டுமென்றால் ஒரே இடம்தான், நம் சந்து முனை. அன்று சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் ரசத்தைக் குடித்து முடித்துவிட்டு, "அப்ப உன் கடை?" என்று கேட்டார். எழுந்து பின்கட்டுக்குப் போய் அழுதேன். தியாகம் செய்கிற ஆனந்தக் கண்ணீர் என்று நினைக்காதே, கடை போகிறதே என்ற ஆத்திரம்தான். அப்பா என்னைச் சமாதானப்படுத்தவில்லை. மறுநாள் காலையில் அடுக்கியிருந்த செங்கலை ஒவ்வொன்றாக எடுத்து, குழாயடிக்குத் தளம் போடுகிற மாதிரி பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரியா வரும் போலிருக்கே" என்றார். அந்த மனுஷனை அன்றைக்கு எனக்குப் பிடித்த மாதிரி கல்யாணத்தன்றுகூடப் பிடித்ததில்லை.

சூசை சார் குதித்தார். அந்தோணியாரிடம் கொடுத்ததைத் திரும்ப எடுப்பதா என்றார். நான் ஒன்று மட்டும் கேட்டேன். இந்தத் தடவை மன்றத்தில் வேண்டாம், சந்து முனையிலேயே, கூடைக்காரிகள் மார்க்கெட்டிலிருந்து திரும்புகிற நேரத்தில் பேசலாம் என்றேன். அப்படியே செங்கல் மேல் உட்கார்ந்து பேசினோம். சந்துப் பெண்கள் அவர்கள் இடத்தில் நின்றதால் வாய் திறந்தார்கள். ஆனாலும் சாரை எதிர்த்துச் சொல்ல அவர்களுக்கு வரவில்லை. கடைசியில் வாயைத் திறந்தது சூசை சாரின் மனைவி. ஒரு கூட்டத்திலும் பேசாத மனுஷி. "எனக்கும் அங்க தண்ணி பிடிக்கக் கூச்சமாத்தாங்க இருக்கு. நீங்க திரும்பித் திரும்பிப் பாக்குறீங்க" என்றார். தெருவே சிரித்தது. சார் முகம் சிவந்து, பிறகு அவரும் சிரித்துவிட்டார். அப்புறம் அவரே ஒரு யோசனை சொன்னார். குழாயடியில் வழிகிற தண்ணீரைச் சந்துக்குள் விடாமல், காரை பூசின வாய்க்கால் வழியாகக் குருசடிக்குப் பின்னால் கொண்டுபோய் வாழை வைப்போம் என்றார். சந்தில் தேங்குகிற மழைத்தண்ணீருக்கும் அதுவே வடிகாலாயிற்று. சந்து ஆண்களும் முன்தெரு ஆண்களும் சேர்ந்துதான் வெட்டினார்கள், உன் அப்பாவுக்குப் பட்டறையில் கிடைத்த விடுமுறை நாளெல்லாம் அதில்தான் போயிற்று. அதற்கப்புறம் அந்தோணியார் திருவிழாப் பந்தலுக்கும் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கும் வாழைமரம் வெளியே வாங்கியதில்லை. காதர் பாய் வீட்டுக் கல்யாண விருந்துக்கு இலையும் அங்கிருந்துதான் போயிற்று.

என் ஜன்னலுக்கு வெளியே அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. விடிவதற்கு முன்னால் குடச் சத்தம், அப்புறம் சண்டை, அதற்கப்புறம் சிரிப்பு. தமிழில் இத்தனை வசவுகள் இருப்பதை நீ அங்கேதான் கற்றுக்கொண்டாய், பள்ளிக்கூடத்தில் அல்ல. நீ எஸ்.எஸ்.எல்.சி. படித்த வருஷம் ஒருநாள் புத்தகத்தைத் தூக்கி எறிந்து, "இந்தச் சத்தத்துல எப்படிம்மா படிக்கிறது?" என்று கத்தினாய். உனக்காக நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். சத்தமாகச் சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினேன்.

வெளியே பேச்சு அப்படியே நின்றது. "தம்பி படிக்குதுடி" என்று அஞ்சலை சொன்னது காதில் விழுந்தது. மறுநாள் வந்தவர்கள் கிசுகிசுத்துக்கொண்டு தண்ணீர் பிடித்தார்கள். அதற்கு மறுநாள் பாதிப் பேர் வரவில்லை. நீ படிக்க நல்ல அமைதி. எனக்குத்தான் மெஷினில் கால் ஓடவில்லை. காலிக்குடங்கள் மறுபடி வாய்க்கால் பக்கம் போவதை ஜன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெற்ற பிள்ளையா, தெருவா என்றால் எந்தத் தாயும் என்ன செய்வாள்? இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

இனி உன் ஸ்ரீரங்கத்துப் பேச்சுக்கு வருகிறேன். போன மாதம் உன் வீட்டில் தங்கியிருந்தபோது, தூக்கம் வராமல் விடிகாலையில் அந்தக் காலி இடம் வரை நடந்து போவேன். நீங்களெல்லாம் தூங்கிக்கொண்டிருப்பீர்கள், மருமகள் ரீட்டா மட்டும் ஒரு நாள் என்னோடு வந்தாள். கொள்ளிடக் கரைத் தோட்டங்களிலிருந்து பூக்கூடையும் காய்க்கூடையும் தூக்கிக்கொண்டு பெண்கள் வருவார்கள். அந்த இடத்தின் நடுவில் இருக்கிற பூவரச மரத்தடியில் கூடையை இறக்குவார்கள். ஒருத்தி கூடையை ஒருத்தி பிடித்து இறக்குவாள். சும்மாட்டை அவிழ்த்து உதறிக் கட்டுவார்கள், குழந்தைக்குப் பால் கொடுப்பார்கள், ஊர் வம்பு பேசுவார்கள். அப்புறம் குறுக்கே நடந்து கோயில் வீதிகளுக்குப் போவார்கள். சுற்றிப் போனால் எவ்வளவு தூரம் என்று ரீட்டாவிடம் கேட்டேன். "ரொம்ப தூரம் அத்தை. தலையில சுமையோட கஷ்டம்" என்றாள். இதை உன்னிடம் சொன்னாளா என்று கேட்டேன். "அவர் அவ்ளோ ஆசையா பிளான் போட்டுக்கிட்டிருக்கார் அத்தை, எப்படிச் சொல்றது?" என்றாள். எனக்கு அஞ்சலை குரல் கேட்டது.

உங்கள் கூட்டம் எங்கே நடந்தது? சங்கத் தலைவர் வீட்டு மாடியில், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு என்று எழுதியிருந்தாய். அந்த நேரத்தில் அவர்கள் வீதியில் பூ விற்றுக்கொண்டிருப்பார்கள், வந்தாலும் மாடிப்படி ஏறமாட்டார்கள். யாரும் மறுக்கவில்லை என்பது நிஜம்தான் மகனே, மறுக்கக்கூடியவர்கள் அங்கே இல்லை. கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டாலும் "சரிங்க" என்றுதான் சொல்வார்கள். அதனால் வேலி போடுவதற்கு முன்னால் ஒரு விடிகாலை நீ அங்கே போ. பேன்ட் சட்டை போட்டு, பிளான் காகிதத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகாதே. ரீட்டாவைக் கூட்டிக்கொண்டு போ, ஒரு கூடையையாவது பிடித்து இறக்கு. பூங்கா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மரத்தடியும் வழியும் அவர்களுக்கும் இருக்கிற பூங்காவாக இருக்கட்டும். தலைவர் மாமா குதிப்பார். குதிக்கட்டும், அவர் வீட்டு மாமியிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்.

என்னால் ஆகுமா அம்மா என்று நீ நினைக்கலாம். அந்த ஜன்னல் கதையை நான் முடிக்கவில்லை. அதைத் திறந்தது யார் என்று உனக்கு மறந்தே போயிருக்கும். நானில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, விடியற்காலையில் நான் அடுப்படியில் இருந்தேன். நீ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாய். கொக்கியை எடுத்து, இரண்டு கதவையும் சுவரில் இடிக்கிற மாதிரி தள்ளித் திறந்தாய். "அஞ்சலக்கா, பேசுங்கக்கா. அமைதியா இருந்தா எனக்குத் தூக்கம் வருது" என்று தெருவே கேட்கக் கத்தினாய். அது பொய் என்று அவளுக்கும் தெரியும். "பாத்தியாடி, தம்பி உத்தரவு கொடுத்துருச்சு" என்று அவள் கெக்கலித்த சத்தத்தில் தெரு மறுபடி உயிரோடு எழுந்தது. நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன், பால் பொங்கி அடுப்பே அணைந்துபோயிற்று. நீ பரீட்சையில் எடுத்த மார்க் எனக்கு மறந்துவிட்டது. அது மட்டும் மறக்கவில்லை.

பூங்கா திறப்பு விழாவுக்கு நான் வருகிறேன். அப்பாவும் வருவார், செருப்புக் கடிக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே வருவார். ஆனால் ஒன்று, மாலை போடுகிற நேரத்தில் எங்களை வரச்சொல்லாதே. விடிகாலையில் வந்து வெளியிலேயே கொஞ்சம் நின்று பார்ப்பேன். பூவரச மரத்தடியில் யாராவது யாரையாவது வாய் நிறையத் திட்டிக்கொண்டிருந்தால் உள்ளே வந்து என் மகன் கட்டின பூங்காவில் உட்காருவேன். அமைதியாக இருந்தால், உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த பஸ்ஸில் பாலக்கரைக்குத் திரும்பிவிடுவேன்.

ரீட்டாவுக்கு என் முத்தம்.

உன் அம்மா